மாட்டுக்குத் தண்ணி காட்டோணும்

கால நல்லா நீட்டிக்குங்க. அந்த மூட்டைக்கு ஒண்ணும் ஆகாதுங்க, பருத்திக்கொட்டைதான். மாட்டுக்கு வெச்சுக்குங்கன்னு எங்க சம்மந்தி குடுத்துட்டாரு. நீங்களும் கொழிஞ்சாம்பாறைக்குத்தானுங்களா? அப்பச் சரி. கோபாலபுரம் செக்போஸ்ட்ல எப்படியும் பஸ்ஸச் சித்த நேரம் நிப்பாட்டிப் போடுவானுங்க. பேசிக்கிட்டே போலாம்.

என்ற பேரு நல்லமுத்துங்க. பொள்ளாச்சில பொண்ணப் பாத்துட்டு வாரேன். மயிலாத்தான்னு, ஒரே பொண்ணு. அவங்கம்மா போயி ஏழெட்டு வருசமாச்சு. ராத்தங்கிட்டு வரலீங்களாங்கறீங்க. அதத்தானுங்க சொல்ல வந்தேன். அதுக்கு முந்தி நான் பாத்த ஒரு படத்தச் சொல்லிப்போடறேன்.

போன வாரம் பாலக்காட்டுக்குப் போயிருந்தனுங்க, ஒரு பட்டா வெசயமா. ஆப்பீசர் லீவுன்னுட்டாங்க. மழை வேற. பக்கத்துல மியூசியத்துல ஓசிப் படம்னு போர்டு வெச்சிருந்துச்சு. நாலு மனுசரோட உக்காந்திருக்கலாம்னு உள்ள போயிட்டேன். ஊட்ல ஒத்தையில கெடக்கறவனுக்குக் கூட்டமே போதுமுங்க, படம் எதுக்கு? ஆனா படம் என்னையப் புடிச்சுக்கிச்சு.

டிவின்னு ஒண்ணு மெட்ராசுக்கு வந்திருக்குதாமா, நானெங்க பாத்தேன்? ஊட்டுக்குள்ளயே பொட்டில படந் தெரியுமாமா. அமெரிக்காவுல அதுல ஒரு போட்டி நடந்துச்சாமா, இருவது வருசம் இருக்கும். ஒரு ஆளக் கண்ணாடிக் கூண்டுக்குள்ள நிக்க வெச்சுக் கேள்வி கேக்கறாங்க. அவன் நெத்தியச் சுருக்கறான், வேர்வையத் தொடைக்கறான், ஒதட்டக் கடிக்கறான். ஐயோ பாவம், தெரீலயாட்ட இருக்குதுன்னு நாடே வாயப் பொளந்துக்கிட்டுப் பாக்குது. கடைசில டக்குன்னு பதிலச் சொல்லிப்போடறான். பொறவு பாத்தா, அத்தனையும் முன்னாடியே சொல்லிக் குடுத்ததுங்க! வேர்வை தொடைக்கறதுகூடச் சொல்லிக் குடுத்ததுதானாமா. விசாரணை கிசாரணைன்னு நாறிப்போச்சு. ஒரு வாத்தியாரு நின்னு மலையாளத்துல வெளக்கிச் சொன்னாரு. பக்கத்துல இருந்தவங்கெல்லாம் கள்ளன், கள்ளன்னு சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரலீங்க.

ஏனுங்களா? நானும் அந்தக் கூண்டுல நிக்கறவந்தானுங்க.

பொண்ணு குடுத்த ஊட்ல அப்பங்காரன் ராத்தங்குனா என்ன பேச்சு வரும்னு உங்களுக்குத் தெரியாததா? சம்மந்தி தங்கமான மனுசன். ரெண்டு நாள் இருந்துட்டுப் போங்க மச்சான்னு எப்பவும் கேப்பாரு. சம்மந்தியம்மாவுக்குத்தான் ஆகாது. நான் தங்கிப்போட்டா, பின்னால என்ற பொண்ணுதான் பேச்சு வாங்கோணும். கண்ணாலம் ஆன புதுசுல அவ என்னையக் கெணத்துப் பக்கம் கூட்டிட்டுப் போயி, அப்பா, மாமா இருங்கம்பாரு, மாட்டுக்குத் தண்ணி காட்டோணும்னு சொல்லிப்போடுங்கன்னா. கண்ணுல தண்ணியோடதானுங்க சொன்னா. அன்னைலருந்து அதேதான். அவரு கேப்பாரு. நான் ஒடனே சொல்லமாட்டேன். இருக்கலாந்தான்னு இழுப்பேன், துண்டெடுத்து மொகத்தத் தொடைப்பேன், அப்பறந்தான் மாடு. அவ கதவோரம் நின்னு மூச்ச உடுவா.

படத்துல கடைசில அந்த ஆளு எல்லாரு முன்னாலயும், ஆமா, சொல்லிக் குடுத்துத்தான் சொன்னேன்னு ஒத்துக்கறான். அதப் பாத்ததுலருந்து எனக்கும் ஒரு தைரியம் வந்துருச்சுங்க. இந்த வாட்டி கேட்டா, சரீங்க, இருக்கறேன்னு சொல்லிப்போடோணும். ஒரே ஒரு ராத்திரி. பேரன் தூங்கறதப் பாத்துக்கிட்டே படுத்துக்கோணும். எங்கூடு அவ்வளவு கம்முனு கெடக்குதுங்க. பல்லி கத்துனாக்கூட, ஆரோ வந்துட்டாங்கன்னு எந்திரிச்சு உக்காந்துக்கறேன்.

இன்னைக்குச் சோறு தின்னு கை கழுவுனதும் கேட்டாருங்க. நானும் துண்ட எடுத்தேன். கதவோரம் அவ நின்னா. நான் மொகத்தத் தொடைச்சுக்கிட்டே இருந்தனா, அப்பனுக்கு மறந்துபோச்சாட்ட இருக்குதுன்னு அவ ஒதட்ட அசைக்கறாளுங்க, எடுத்துக் குடுக்கற மாதிரி. அந்த மொகத்தப் பாத்துக்கிட்டு வேறெதச் சொல்றது? மாட்டுக்குத் தண்ணி காட்டோணும் மச்சான்னுட்டேன்.

கொழிஞ்சாம்பாறை வந்துருச்சுங்க. எறங்கலாம். ஏனுங்க, உங்கூட்ல மாடு இருக்குதுங்களா? அப்ப இந்த மூட்டைய நீங்களே கொண்டுட்டுப் போங்க. அட, காசெல்லாம் வேண்டாமுங்க, சும்மா எடுத்துக்குங்க. நம்முளது போன தையிலயே செத்துப்போச்சு. மயிலாத்தாளுக்கு இன்னும் சொல்லலீங்க. சொன்னா, பாவம், வேற பதிலுக்குப் புள்ள எங்க போவா?