'இறக்கு' என்றது நானல்ல

அவைக்குத் தலைமை தாங்கி, நான் நீட்டி முழக்கினால் நிறுத்துவதற்கென்றே மணியைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கும் சங்கத் தலைவி யூலாலியா அம்மையார் அவர்களே, இடுப்பையும் முழங்காலையும் இந்த ஊர்ச் சதுக்கத்துக்கே எழுதிக் கொடுத்துவிட்டு முன்வரிசையில் தைலம் மணக்க அமர்ந்திருக்கும் மூத்தோர்களே, பெற்ற பிள்ளையை ஏழாம் அடுக்குக்கு ஏற்றிவிட்டுக் கீழே கண்ணை மூடிக்கொண்டு நிற்கும் அன்னையர்களே, குழலூதும் கலைஞர்களே, கணவாய் மீன் குழம்பு கொதிக்கத் தொடங்கியதிலிருந்து என்னைப் பார்க்காமல் சமையலறையையே பார்த்துக்கொண்டிருக்கும் நம் மனிதக் கோபுரக் குழுவின் மாண்புமிகு தோள்களே, உங்கள் அனைவரையும் ஃபெலியூ ஆகிய நான் வணங்குகிறேன்.

இன்று குழுத் தலைவர் தேர்தல். வேட்பாளர் ஒரே ஒருவர். அவர் அழகர், அறிவர், ஆற்றல் மிக்கவர். அவர் நான்தான்.

"அது எங்களுக்குத் தெரியும், விஷயத்துக்கு வாப்பா" என்கிறார் பின்வரிசையில் கஸ்பார். வருகிறேன் கஸ்பார். நீ பாடத் தொடங்கினால் நாங்கள் இப்படியா குறுக்கே பேசுகிறோம்? எழுந்து வெளியேதானே போகிறோம்?

தலைமை என்றால் என்ன? அதைக் கற்கத்தான் போன வசந்தத்தில் பார்சலோனாவுக்குப் போனேன். மூன்று நாள் பயிற்சி, நட்சத்திர விடுதி, சட்டையில் குத்திக்கொள்ள என் பெயர் எழுதிய அட்டை. காலை அகட்டி நில் என்றார்கள், நின்றேன். மார்பை நிமிர்த்து என்றார்கள், நிமிர்த்தினேன். தலைவன் என்பவன் அடிவானத்தைப் பார்க்க வேண்டும் என்றார்கள். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்று அடிவானத்தைப் பார்த்துப் பழகினேன். என் மனைவி வந்து, "என்னங்க, கழுத்து பிடிச்சிருக்கா? ஒத்தடம் குடுக்கவா?" என்றாள்.

சான்றிதழோடு வந்தவனை நீங்களும் தலைவனாக்கினீர்கள். கோபுரத்தில் ஏறாதவன், எவரையும் தாங்காதவன், எதிரே தரையில் நின்று சொல்பவன் தலைவன். ஏறுபவர்க்கு உயிர் பயம், தாங்குபவர்க்குத் தோள் வலி, தலைவனுக்குத் தொண்டைக்கட்டு. எவ்வளவு வசதியான பதவி பார்த்தீர்களா?

வந்தது ஊர்த் திருவிழா. எதிரே பக்கத்து ஊர்க் குழு, மாடத்தில் மேயர், மேயரின் தோளுக்கருகே தொலைக்காட்சிக் கேமரா. நாம் கட்ட வேண்டியது அடுக்குக்கு நால்வராய் ஏழடுக்கு. இருநூறு பேர் நெருங்கி நின்று அடித்தளம் கட்டினீர்கள். அப்போது உள்ளே தலைகுனிந்து நின்ற ரெமெய் அக்கா, சந்தையில் மீன் விற்கும் நம் ரெமெய் அக்கா, குரல் கொடுத்தார்.

"தம்பி ஃபெலியூ, என் இடப்பக்கம் லேசா இருக்கு, ஆள் விட்டுப்போச்சு. கலைச்சுட்டுத் திரும்பக் கட்டலாம்."

குழல் ஊதும்வரை கலைக்கலாம், அதில் ஒரு குறையும் இல்லை. குழல் ஊதிய பின் இறக்கினால்தான் தோல்வி என்று எழுதுவார்கள். நம் வீட்டுக் குழந்தைக்கும் தெரிந்த வழக்கம். ஆனால் கேமரா என் பக்கம் திரும்பியிருந்தது. கலைப்பதா? கட்டியதைக் கலைக்கும் தலைவன் என்று காட்டுவதா? அடிவானத்தைப் பார்த்தேன். "ஊதுங்கள் குழலை" என்றேன்.

ஊதினார்கள். இரண்டாம் அடுக்கு ஏறியது, மூன்றாவது ஏறியது, நான்காவது ஏறும்போதே ஆடியது. நின்றவர்களின் முழங்கால்கள் நடுங்கியது எனக்குத் தெரிந்தது. நம் கெரால்ட் ஏறினாள். ஏழு வயது. ஐந்தாம் அடுக்கில் நின்று என்னைப் பார்த்தாள். மேலே போகவா, கீழே வரவா என்று கேட்கும் பார்வை.

ஒரு சொல் போதும். 'இறக்கு'. நான்கே எழுத்து. மூன்று நாள் பயின்ற வாயில் அந்த நான்கெழுத்து வரவில்லை. ஏன் வரவில்லை? குழந்தை விழுந்தால் என்ன ஆகும் என்று நான் நினைக்கவில்லை ஐயா. நான் தோற்றால் நாளை என்ன எழுதுவார்கள் என்றே நினைத்தேன். கெரால்டின் தாயார் இங்கே இருக்கிறார். அம்மா, நான் வெட்கப்படுகிறேன்.

அப்போது அடியிலிருந்து ஒரு குரல். "இறக்கு. கெரால்ட், இறங்கும்மா. மத்தவங்க அசையாதீங்க, அவ இறங்கட்டும்." கெரால்ட் திரும்பினாள், தோள் தோளாகச் சறுக்கி இறங்கினாள், தரை தொட்டாள். பின்னர் ஒவ்வோர் அடுக்காக எல்லோரும் இறங்கினார்கள். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. கடைசி ஆள் கால் ஊன்றிய பிறகு நானும் "இறக்கு" என்று கம்பீரமாகக் கத்தினேன். கேமராவில் அதுதான் பதிவானது.

மறுநாள் பத்திரிகை எழுதியது: 'தலைவரின் துணிச்சலான முடிவு'. மேயர் கேடயம் கொடுத்தார். வேண்டாம் என்றேனா? வரவேற்பறையில் மாட்டினேன், அதற்குத் தனியாக ஒரு விளக்கும் போட்டேன். பதினொரு மாதமாக வருவோர் போவோரிடமெல்லாம் அந்தத் துணிச்சலை விளக்கி வந்தேன். அது என் துணிச்சல் அல்ல. அந்தக் குரல் என் குரல் அல்ல.

அது யாருடையது? "ஏய் ஃபெலியூ, வாயை மூடிட்டு உட்காரு, எனக்கு என்ன தெரியும், நான் எதையும் பார்க்கவே இல்ல" என்று அதோ முகம் சிவக்கிறார் ரெமெய் அக்கா. உண்மைதான் அக்கா, நீங்கள் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் பார்த்தவன் நான். பார்த்து என்ன கிழித்தேன்? நீங்கள் முப்பது ஆண்டு பாரம் தாங்கியவர். மேலே எவன் கால் நடுங்குகிறது என்பது உங்கள் தோளுக்குத் தெரிகிறது. அதைக் கற்றுத்தரும் விடுதி எந்த ஊரில் இருக்கிறது? அதற்கு எவன் சான்றிதழ் தருவான்?

"அப்ப யாருக்குத்தான்யா ஓட்டுப் போடுறது?" என்கிறார் கஸ்பார். முதல்முறையாக நல்ல கேள்வி கேட்டாய்.

என் அன்பான தோள்களே, ஒன்றே ஒன்று கேட்கிறேன். அன்று சதுக்கத்தில், குழல் ஒலிக்க, கூட்டம் கூச்சலிட, தலைவன் என்று ஒருவன் எதிரே நின்றுகொண்டிருக்க, நீங்கள் யார் சொல் கேட்டு இறங்கினீர்கள்? யார் சொல் கேட்டு அசையாமல் நின்றீர்கள்? ரெமெய் அக்கா சொல் கேட்டவர்கள் கையைத் தூக்குங்கள்.

தூக்குங்கள். கஸ்பார், நீயுமா? கெரால்ட், உனக்கு ஓட்டில்லை, இருந்தாலும் தூக்கு கண்ணே.

அம்மையார் அவர்களே, எண்ண வேண்டியதில்லை. என் வேட்புமனுவைக் கிழித்துவிடுங்கள். தேர்தல் போன ஆண்டே முடிந்துவிட்டது, முடிவை அறிவிக்காமல் வைத்திருந்தது நான் ஒருவன்தான்.

பொறுமையாகக் கேட்டவர்களுக்கும் பொறுக்காமல் பேசியவர்களுக்கும் என் நன்றி. தலைவர் ரெமெய் அவர்களே, உங்களுக்கு என் முதல் வணக்கம்.