பரீதாபாத் லைன்

தமிழில் கேட்கிறீர்கள், பதில் சொல்ல எனக்கும் சுகமாக இருக்கிறது ஐயா. அந்த டீயை ஆறவிடாதீர்கள். டில்லிக் குளிரில் சீக்கிரம் தண்ணீராகிவிடும்.

நான் லைன் விற்கிற ஏஜெண்ட். ஓர் ஆபீசின் கம்ப்யூட்டர் வெளியூர்க் கிளையோடு பேச வேண்டுமானால், டெலிபோன் கம்பெனியிடம் தனி லைன் வாடகைக்கு வாங்கித் தருவேன். கரோல் பாகில் ஜகந்நாதன் அண்ணாச்சியின் ஆஸ்பத்திரிக்கும் வாங்கித் தந்தேன். பரீதாபாத் கிளைக்கு நெஞ்சுவலியோடு வருபவரின் இசிஜி அதன் வழியே இங்கே வரும். பெரிய டாக்டர் பார்த்து மருந்து சொல்வார். அருமையான ஏற்பாடு.

ஆனால் ஒற்றை லைன். இன்னொரு கம்பெனியிடம் இரண்டாவது ஒன்றும் வாங்கி வைக்கச் சொன்னேன்.

"ஏம்ல, ஒண்ணு நல்லாத்தான ஓடுது? ஒரு ஊருக்குப் போக எவனாவது ரெண்டு டிக்கெட் எடுப்பானா?"

"ரயில் நின்னுட்டா, அண்ணாச்சி?"

"நின்னா வா, பேசுவோம்."

வியாபாரக் குடும்பத்தில் வளர்ந்தவனுக்கு இது மறுப்பு அல்ல, நிபந்தனை.

மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு, பட்டப்பகலில் ஆஸ்பத்திரி வாசலருகே தோண்டிக் கேபிளை வெட்டினேன். டில்லியில் ரோட்டைத் தோண்டுகிறவனை யாரும் கேள்வி கேட்பதில்லை. ஓர் ஆட்டோக்காரர் மட்டும், "பையா, ஜல்தி கரோ" என்று அவசரப்படுத்தினார்.

ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பொறுப்பாளர் சந்திரமௌலி, எஸ்டிடி பூத்துக்கு ஓடிப்போய், பரீதாபாதுக்குப் பேசிவிட்டு, என் செல்போனுக்கு அடித்தான். டெலிபோன், ஃபேக்ஸ் எல்லாமே அதே கேபிளில்தான்.

"சார், லைன் டெட். பரீதாபாத்ல வேலம்மாள்னு ஒரு அம்மா, நெஞ்சுவலி. இசிஜி வரலை சார். டாக்டர் கையைப் பிசைஞ்சுட்டு நிக்கிறார்."

வெட்டிய நுனி என் காலடியில்தான் கிடந்தது. எனக்கு ஒட்டவும் தெரியும்.

"கம்பெனிக்குச் சொல்லிட்டேன் மௌலி. ஆள் வந்துட்டே இருக்காங்க" என்றேன்.

உடனே சரியாகிவிட்டால் இரண்டாவது லைனின் அருமை அண்ணாச்சிக்கு எப்படிப் புரியும்? எதிர்க்கடையில் சோலே பட்டூரா சாப்பிட்டேன். அந்தக் கடையில் ஊறுகாய் விசேஷம்.

மாலைக்குள் வேலம்மாள் இறந்துபோனாள். மறுநாள் அண்ணாச்சியே கூப்பிட்டார்.

"விலை கேக்கல. போடுடே."

ஆயுள் முழுக்கப் பேரம் பேசிய மனிதர் பேரம் பேசாமல் நின்றதைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

இரண்டாவது லைன் போட்டேன். வேறு கம்பெனி, வேறு பெட்டி, வேறு பில். ஆனால் புதுக்குழிக்கு அனுமதி வாங்க நாயாய் அலைய வேண்டும். ஆகவே பழைய குழியிலேயே, பழைய கேபிளின் மேலேயே படுக்க வைத்தேன். தொழிலில் பலரும் செய்வதுதான். மண்ணுக்குள் யார் எட்டிப் பார்க்கிறார்கள்?

போன வாரம் சாக்கடை தோண்ட வந்த இயந்திரம் ஒரே கொத்தில் இரண்டையும் அறுத்துவிட்டது. பரீதாபாதில் மூன்று பேர் இறந்துபோனார்கள் என்கிறீர்கள். வருத்தமான விஷயம்.

சந்திரமௌலியைப் பிடித்து வைத்திருப்பது நியாயமில்லை. என்னை நம்பியது தவிர அவன் ஒன்றும் செய்யவில்லை. வேலம்மாளை என் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இந்த மூவரையும் என் தலையில் கட்டாதீர்கள் ஐயா. அன்றைக்கு நான் கேபிளைத் தொடவே இல்லை.