மழுங்கிய பஞ்சில்தான் வெட்டுவேன்

சங்கத்தின் தலைமைப் பொறுப்பையும், "சுருக்கமா பேசும்மா" என்று என் காதைக் கடிக்கும் பொறுப்பையும் ஒருசேர ஏற்றிருக்கும் தலைவர் கொர்னேல் அவர்களே, இந்த ஆலையில் இரும்போடு மல்லுக்கட்டி ஓய்வுபெற்ற பெரியவர்களே, முட்டைக்கோஸ் சூப்பை அடுப்பில் ஏற்றிவிட்டு ஹோர்நாத் ஆற்றுப் பாலம் கடந்து ஓடிவந்திருக்கும் தாய்மார்களே, முதல் வரிசையில் முறைத்தபடி அமர்ந்திருக்கும் இயக்குநர் கிராய்னாக் அவர்களே, சோதனைக்கூடத்து ஜெல்மீராவின் வணக்கம்.

நான் செய்யும் வேலை என்ன? தகட்டில் ஒரு துளை வெட்டுகிறேன். கூம்பொன்றை அடியிலிருந்து ஏற்றி அதை விரிக்கிறேன். வெட்டிய விளிம்பு விரிசல் விடும்வரை விரிக்கிறேன். எவ்வளவு தாங்கியது என்று அளக்கிறேன். தகட்டின் நடுப்பகுதி நல்ல பிள்ளை, வில்லங்கமெல்லாம் விளிம்பில்தான். துளை வெட்டும் எஃகு அச்சு, அதாவது பஞ்ச், கூராக இருந்தால் விளிம்பு ஒழுங்காக வரும். மழுங்கியிருந்தால் பிய்ந்து பிசிறோடு வரும். பிய்ந்த இடத்தில்தான் பிளக்கத் தொடங்கும்.

நம் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. சோதனைத் துளைக்கு எப்போதும் சாணை பிடித்த புதுப் பஞ்ச். ஆகையால் எல்லாத் தகடும் தேறியது. ஆனால் விற்பனைக்குப் போகும் தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் எந்திரத்தில் இருப்பது எது? மாதக்கணக்காக மழுங்கிக் கிடக்கும் பஞ்ச். அதையே கழற்றி வந்து வெட்டினேன். காரில் சீட் பெல்ட்டைப் பிடித்து நிறுத்தவேண்டிய தகடு, கூம்பு ஏறத் தொடங்கியதுமே வாயைப் பிளந்தது.

இயக்குநரிடம் ஓடினேன். அவர் சொன்னதை அவர் முன்னாலேயே சொல்கிறேன்.

"புதுப் பஞ்ச்ல வெட்டினா தேறுதுல்ல? அப்புறம் என்ன, பஞ்சை மாத்திடுங்க."

"நல்லதுங்க. பிரஸ்ல இன்னைக்கே மாத்திடலாமா?"

"பிரஸ்ல எதுக்கும்மா? உங்க சோதனைல மாத்துங்க. முடியாதுன்னா திங்கள்கிழமைலேருந்து கூடத்துக்கு வராதீங்க."

சிரிக்கிறீர்கள். எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை.

என்ன, பிரஸ் ஓட்டும் வெண்டெலினா எழுந்து நிற்பது?

"சாணை பிடிக்க பிரஸ்ஸை நிறுத்தினா எங்க போனஸ் போயிடுமே, இன்ஜினியரம்மா?"

போகும், தம்பி. மழுப்ப மாட்டேன். அந்த நேரத்துக்கும் போனஸ் கொடு என்று மேசையைத் தட்டத்தானே சங்கம் இருக்கிறது? அதைத் தட்டாமல், விரிசல் விட்ட தகட்டைத் தட்டிக்கொடுத்து அனுப்பச் சொல்கிறாயா? வண்டி குலுங்கி நிற்கும் நொடியில் அந்த வாரை நம்பியிருப்பவர் யார்? உன் மனைவியாக இருக்கலாம். ஊர்பேர் தெரியாத ஒருவராக இருக்கலாம். ஊர்பேர் தெரியாதவர் என்றால் உயிர் மலிவா?

பணிய மாட்டேன். பூசி மெழுக மாட்டேன். பிரஸ் எதில் வெட்டுகிறதோ அதில்தான் நானும் வெட்டுவேன்.

இயக்குநர் அவர்களே, பிளந்த தகடு இதோ மேசைமேல் இருக்கிறது. பக்கத்தில் சுண்ணக்கட்டி. மேடைக்கு வாருங்கள். இத்தனை பேர் பார்க்க, இதன்மேல் 'நல்லது' என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். போட்டுவிட்டால் திங்கள்கிழமை நான் வரவில்லை.

காத்திருக்கிறேன்.

வழி விடுங்கள் பெரியவரே, அவர் வரட்டும்.

வரவில்லையா?

அப்படியென்றால் திங்கள்கிழமை கூடத்தில் இருப்பேன். வெண்டெலின், அன்று காலையில் பிரஸ்ஸை நிறுத்தி அந்தப் பஞ்சைச் சாணைக்குக் கழற்று. பொறுமையாகக் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி, வணக்கம்.