ஜன்னலோர மேஜை சாலட்

உள்ளறைப் பூட்டை உங்கள் ஆட்கள் உடைத்த சத்தத்தில், என் கையிலிருந்த கண்ணாடிக் கிண்ணம் நழுவி விழுந்து சுக்குநூறாகிவிட்டது. உடைத்திருக்க வேண்டாம், ஐயா. சாவி என் இடுப்பில்தான் இருந்தது, கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். அந்த மாதிரிக் கிண்ணம் சுலபத்தில் கிடைப்பதில்லை. ஏழெட்டுக் கடை ஏறி இறங்கி வாங்கியது.

சாலட்டைப் பற்றிக் கேட்டீர்கள். முதலிலிருந்தே சொல்கிறேன். அவசரப்படுத்தினால் எனக்குக் கோர்வையாக வராது.

என் மகளுக்கு இருபத்தேழு வயது. அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை. அவள் அப்பா எங்களை விட்டுப் போய்ப் பல வருடம் ஆயிற்று. வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். ஐந்தரைக்கு வேலை முடிந்தால் ஐந்து ஐம்பதுக்குப் படியில் அவள் செருப்புச் சத்தம் கேட்கும். புதன்கிழமை மட்டும் ஏழு மணி ஆகிவிடும். அச்சகத்துக்கு எதிரே இருக்கும் ரெஸ்டாரன்டுக்குப் போய்விடுவாள்.

"அங்க அப்படி என்னடி இருக்கு?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"ஒரு சாலட் இருக்கும்மா. ரொம்பப் பிடிச்சுப் போச்சு."

"இலையும் தழையும்தானே? அத நான் பண்ண மாட்டேனா?"

"பண்ணேன், நானா வேண்டாங்கறேன்? ஆனா அதே மாதிரி இருக்கணும், ஆமா" என்று சிரித்தாள்.

அவள் விளையாட்டாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் முப்பத்திரண்டு வருடம் மருந்துக் கடையில் நிறுத்துக் கொடுத்தவள். அதே மாதிரி என்றால் எனக்கு அதே மாதிரிதான்.

லெட்யூஸ் இலை, வெள்ளரி, ஆரஞ்சுச் சுளை, வறுத்த பாதாம். மேலே ஊற்றத் தேனும் எலுமிச்சையும் கடுகு விழுதும் கலந்த சாறு. முதல் தடவை கிண்ணத்தின் அடியில் தண்ணீர் தேங்கிவிட்டது. "இதுல மீன் வளக்கலாம் போலிருக்கேம்மா" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் மதியம் அந்த ரெஸ்டாரன்டுக்கே போனேன். நரைத்த மீசை வைத்த சர்வர் என்னை உட்காரச் சொன்னார்.

"ஜன்னலோர மேஜைப் பொண்ணோட அம்மாவா நீங்க? வாங்க, வாங்க. வந்தா முழுசா ஒரு மணி நேரம் உக்காந்திருக்கும். கிண்ணத்த எடுக்கப் போனா முக்காவாசி அப்படியே இருக்கும்."

சின்ன வயிறு, குழந்தையிலிருந்தே அப்படித்தான் என்று சொன்னேன். சமையல்காரரும் நல்ல மாதிரி. பின்வாசலுக்கு வந்து கையைத் துடைத்தபடி சொல்லிக்கொடுத்தார். "இலையில பொட்டு ஈரம் இருந்தாலும் சாறு ஒட்டாதும்மா. ஐஸ் தண்ணில முக்கி எடுத்து, துணில சுருட்டி வைங்க."

அப்படியே செய்தேன். அங்கிருப்பது போன்ற கிண்ணம் வாங்கினேன். சாப்பாட்டு மேஜையை ஜன்னலோரம் நகர்த்தினேன். மஞ்சள் விளக்கு மாட்டினேன். ஒவ்வொரு செவ்வாயும் அவள் எதிரே உட்கார்ந்து, மெல்லும்போது அவள் முகம் எப்படி மாறுகிறது என்று பார்த்து நோட்டில் குறித்துக்கொண்டேன்.

"கிட்டத்தட்ட வந்துடுச்சும்மா. ஏதோ ஒண்ணு குறையுது" என்பாள். மறுநாள் அங்கே போய்விடுவாள்.

நாலு மாதம் இப்படியே ஓடியது. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது, திங்கட்கிழமை காலை ரயில் என்றாள். டிக்கெட்டும் எடுத்துவிட்டாள். நான் சத்தம் போடவில்லை. அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள், எங்கள் வீட்டில் யாரும் சத்தம் போட்டதே கிடையாது.

ஞாயிறு சாயங்காலம் சாலட் செய்தேன். சாற்றில் அரைத் தூக்க மாத்திரையைப் பொடித்துக் கலந்தேன். கசப்புத் தெரியாமலிருக்கத் தேன் ஒரு சொட்டுக் கூட. ரயிலைத் தவறவிடட்டும், அவ்வளவுதான் என் எண்ணம்.

ஒரு இலை மிச்சமில்லாமல் சாப்பிட்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இதுதாம்மா. அதே ருசி. ஜெயிச்சுட்டே."

ஊருக்குப் போகிற பெண் அம்மா மனம் குளிரட்டும் என்று சொல்லியிருப்பாள் என நீங்கள் நினைக்கலாம். அவள் பிழை திருத்துகிறவள், ஐயா. ஒரு புள்ளி விடுபட்டாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. இத்தனை நாள் குறைந்தது எதுவென்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. கைக்கு வந்த பக்குவத்தை யாராவது மாற்றுவார்களா?

மறுநாள் ரயில் போய்விட்டது. அவள் தூங்கினாள். எழுந்ததும் அதே சாலட் கொடுத்தேன். புது ஆபீசுக்கு நானே போன் செய்து காய்ச்சல் என்று சொன்னேன். தூக்கக் கலக்கத்தில் படியில் உருண்டுவிடக் கூடாதே என்று அறையைப் பூட்டினேன். பத்து நாளில் அரை ஒன்றாயிற்று. உடம்பு பழகிவிட்டால் அளவைக் கூட்டத்தான் வேண்டும். இது எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்தது. அவள் மெலிந்துதான் போனாள். ஆனால் மூன்று வாரமும் செருப்பு வாசலிலேயே இருந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது.

நான் சமையலறையில் இருக்கும்போது கதவைத் தட்டுவாள். மூன்று தட்டு, கொஞ்சம் இடைவெளி, மறுபடி மூன்று. இன்று காலை அவளை வெள்ளைத் துணி போர்த்தித் தூக்கிப் போனதை நானும் பார்த்தேன். அதற்குப் பிறகும் தட்டினாள். இதோ, நீங்கள் எழுதிக்கொண்டிருக்கும்போதுகூட. உங்களுக்குக் கேட்கவில்லையா? போகட்டும்.

சர்வர் நேற்று வந்தார். அவள் அங்கே விட்டுவிட்டுப் போன குடையைக் கொடுக்க வந்தாராம். ஊருக்குப் போய்விட்டாள் என்றேன். அவர் என் தோளுக்குப் பின்னால் இருந்த பூட்டைப் பார்த்தார், மேஜை மேல் இருந்த இரண்டு கிண்ணங்களைப் பார்த்தார், கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். அவர்தான் உங்களிடம் வந்திருப்பார். நல்ல மனிதர். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை.

போன செவ்வாய்க்கிழமை போட்டது அரையும் அல்ல, ஒன்றும் அல்ல. அட்டையில் மிச்சமிருந்த அத்தனை மாத்திரையும் போட்டேன். எண்ணித்தான் போட்டேன். தெரியாமல் நடந்துவிட்டது என்று சொன்னால் நான் பார்த்த வேலைக்கே அவமானம். வாயைத் திறக்கவும் தெம்பில்லாமல் கிடந்தாள். தலையை மடியில் வைத்து ஒவ்வொரு வாயாக ஊட்டினேன். முழுவதும் இறங்கும்வரை பக்கத்திலேயே இருந்தேன்.

ஏன் அன்றைக்கு என்றுதானே கேட்கிறீர்கள்? காலையில் கொஞ்சம் தெளிவாக இருந்தாள். கிண்ணத்தைத் தள்ளிவிட்டு ஒன்று சொன்னாள். மயக்கத்தில் ஏதோ உளறினாள் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்; என் பெண் மனதறிந்து அப்படிச் சொல்கிறவள் இல்லை. இருந்தாலும் ஒரு எழுத்து மாற்றாமல் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்:

"எனக்கு அந்தச் சாலட்டே பிடிக்காதும்மா. அங்க போனா ஒரு மணி நேரம் என்னை யாரும் பாத்துக்கிட்டே இருக்க மாட்டாங்க."