சில்லிட்ட பிறகு

அன்று காலை என் மகன் ஸ்டீபன், பழைய சோற்றில் மோர் போதாது என்றான். "எம்மா, இன்னும் கொஞ்சம் ஊத்து. ஐஸ் ரூம்ல குந்திக்கினு வேல செய்ற உனுக்கு வெயிலப் பத்தி இன்னா தெரியும்?" என்று சிரித்தான். ஊற்றினேன். சாப்பிட்டுவிட்டு, பெரியபாளையம் ரோட்டில் இருந்த ஷெட்டுக்கு வேலைக்குப் போனான்.

குழாய் ஒட்டுகளைக் கதிர்வீச்சால் படம் பிடிக்கும் வேலை. நீளக் கேபிளின் முனையில் இருக்கும் கைப்பிடியைச் சுற்றினால் பெட்டியிலிருந்து கதிர் வீசும் சின்னக் குண்டு வெளியே வரும். திருப்பிச் சுற்றினால் உள்ளே போகும். அன்று அது கழன்று தரையில் விழுந்துவிட்டது. மேற்பார்வையாளர் பார்த்திபன், "இத்தினியூண்டு துண்டுடா, கையால எடுத்துப் போடு" என்றார். போட்டான். முதலில் விரல்கள் கறுத்தன. பிறகு வாய்க்குள் தோல் உரிந்தது. கடைசியில் மோர்கூட இறங்கவில்லை.

ஆஸ்பத்திரி டாக்டர் நல்லவர். குளிர்காலம் முழுக்கத் தூங்கும் அணில்கள் உண்டாம். உடம்பு சில்லிட்டுத் தூங்கும்போது கதிர் பட்டால், விழித்திருக்கும் அணிலைவிட அவை நன்றாகத் தாங்குமாம். ஸ்டீபன் வெயிலில் நின்றிருந்தான்.

போன வாரம் பார்த்திபன் கும்மிடிப்பூண்டியில் எங்கள் இறால் கம்பெனிக்கே வந்தார், குளிர் அறைக் குழாய் ஒன்றைப் படம் பிடிக்க. முகக்கவசம் போட்டிருந்த என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. மற்றவர்கள் ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போயிருந்தார்கள். அவரும் பெட்டியும் உள்ளே; கேபிள் சுவர் ஓட்டை வழியாக வந்து, கைப்பிடி வெளியே. கதவைச் சாத்தினேன். இடுக்கில் அவர் விரல்கள் இருந்ததால் சரியாக மூடவில்லை. கொஞ்சம் திறந்து, மறுபடி ஓங்கிச் சாத்தினேன். மூடிக்கொண்டது.

"யாரும்மா அது, தெறம்மா. புள்ளகுட்டிக்காரன்மா நானு."

"நானும்தாம்பா" என்றேன்.

உடனே சுற்றவில்லை, ஐயா. இதை நீங்கள் கட்டாயம் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். தட்டுகிற சத்தம் ஓயும்வரை வெளியே உட்கார்ந்து இறால் உரித்தேன். அவர் உடம்பு நன்றாகச் சில்லிட்டிருக்கும் என்று தெரிந்த பிறகுதான் கைப்பிடியைச் சுற்றினேன். என் பிள்ளைக்குக் கிடைக்காத குளிரை அவருக்குக் கொடுத்தேன். பழிவாங்க நினைக்கிறவள் அப்படிச் செய்வாளா?

அணிலைப் பற்றிச் சொன்ன கையோடு டாக்டர் இன்னொன்றும் சொன்னார்: "மனுஷனுக்கு அந்தத் தூக்கம் கிடையாதும்மா."

எனக்குக் காது எப்போதும் நன்றாகவே கேட்கும், ஐயா.