மஃரிபில் பதில் தராத ரவுட்டர்

கேட்ட கேள்விக்குப் பதில் பிந்தினால் எனக்குக் கோபம் வராது, சேர். என் வேலையே அதுதான். கல்முனையில் எங்கள் மீட்பு நிலையத்துக் கணினி, கரையோர ரவுட்டர்களிடம் நிமிடத்துக்கு ஒரு தடவை நலம் விசாரிக்கும். பதில் வந்தால் திரையில் பச்சை, வராவிட்டால் சிவப்பு. மீனவர்கள் வயர்லஸில் கூப்பிடும் சத்தம் அந்த ரவுட்டர்கள் வழியாகத்தான் எங்களுக்கு வரும். அதனால் சிவப்பு விழுந்தால் ஒருவர் கைவயர்லஸோடு அந்தக் கரைக்கு ஓட வேண்டும்.

சண்டை முடிந்து, கடல் தடையும் நீங்கி, ஆட்கள் திரும்ப ஆழ்கடலுக்குப் போகத் தொடங்கிய காலம். சாய்ந்தமருது ரவுட்டர் மட்டும் தலையிடி தந்தது. பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டினேன், கேள்விகளைக் குறைத்தேன், வயரை மாற்றினேன். ஒன்றும் சரிவரவில்லை. பிறகுதான் கவனித்தேன், சிவப்பு விழுவது பள்ளிவாசலில் தொழுகைக்கு வாங்கு சொல்லும் நேரங்களில்.

ரவுட்டர் இருந்தது சல்மா உம்மா வீட்டில். போய்க் கேட்டேன்.

"வாங்கு சொல்லக்குள்ள டீவியும் உங்கட இந்தப் பெட்டியும் இரையலாமா மகன்? நான்தான் நிப்பாட்டுற. பொழுதுபட்டு மஃரிபுக்கு நிப்பாட்டினா, ஓதி முடிச்சி ராவைக்கு இஷாவும் தொழுதுட்டுத்தான் போடுற."

இரண்டும் ஒரே சுவிச்சில். பெட்டியை மட்டும் விடுங்க உம்மா என்று சொன்னால் போதும். வாய்வரை வந்தது. "ஓம் உம்மா, அப்படியே செய்ங்க" என்றேன்.

அந்தக் கரையில்தான் சுபியான் மச்சான் மீன்பிடித் தொழில் செய்கிறார். என் தங்கை ஸுல்பிகாவின் மாப்பிள்ளை. சுனாமியன்று என் மகள் ஷாஹினா தங்கை வீட்டில் இருந்தாள். ஒரு கையில் அவளையும் மறுகையில் தன் மகன் பர்ஹானையும் பிடித்துக்கொண்டு ஓடினார். பர்ஹானோடு மட்டும் வந்தார். "கை வழுகிட்டு மச்சான்" என்றார். அவரைக் கட்டிப்பிடித்து அழுதேன். ஆனால் பர்ஹான் வளர வளர எனக்கு வயிறு எரிந்தது.

நிலையத்துக்குத் திரும்பி, சாய்ந்தமருதிலிருந்து பதில் வராவிட்டால் கடைசியாக வந்த பதிலையே காட்டும்படி கணினியை மாற்றினேன். பிறகு அங்கே சிவப்பு விழவே இல்லை. கடலைக் கொந்தளிக்கச் சொன்னது நானல்ல. பர்ஹானைத் தொழிலுக்குக் கூட்டிப்போகச் சொன்னதும் நானல்ல. அவன் போகிறான் என்று தெரியும், அவ்வளவுதான். அந்தக் கரையில் வேறு மீன்பிடிப் போட்டுகளும் இருந்தன. அதையும் யோசித்தேன். கடல் கொந்தளிக்கும் வாடைக்காற்று வரும்வரை காத்திருந்தேன்.

காற்று வந்த ஒருநாள், மஃரிபோடு, மச்சானும் பர்ஹானும் போன போட்டில் தண்ணீர் ஏறியிருக்கிறது. வயர்லஸில் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். நான் திரைக்கு முன்னால் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன்.

"காத்து மோசமா இருக்கு நானா, ஒருக்கா கரைக்குப் போய்ப் பார்க்கவா?" என்று கூட வேலை செய்யும், என்னை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடும் முகம்மது தம்பி கேட்டான்.

"எல்லாம் பச்சைதானே" என்றேன்.

காலையில் மச்சான் தனியாகக் கரை ஒதுங்கினார். கடலோடு போன பர்ஹானின் மையத்துக்கூடக் கிடைக்கவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு, "கை வழுகிட்டு மச்சான்" என்றார்.

அன்றைக்குத்தான், சேர், அவர் சொன்னதை நான் நம்பினேன்.