ஊசி இருக்கட்டும், அம்பு பறக்கட்டும்!

தலைமைப் பொறுப்பேற்றுத் தலைநிமிர்ந்து அமர்ந்திருக்கும் இரும்புக்கடை அதிபர், நம் கால்பந்துச் சங்கத்தின் தலைவர் அவர்களே! தோற்ற நாளிலும் கடைசி விசில்வரை இடத்தை விட்டு எழாத பெரியோர்களே! கணவன்மாரைத் தேடி மைதானத்துக்கு வந்து, கடைசியில் கணவன்மாரைவிட உரக்கக் கத்தக் கற்றுக்கொண்ட தாய்மார்களே! முரசடித்து முரசடித்து உள்ளங்கை காய்த்துப்போன கிழக்குப் பக்கத்துத் தம்பிகளே! முன்வரிசையில், நாணத்தால் தலைகவிழ்ந்து அமர்ந்திருக்கும் நம் இரு கண்மணிகளே, அம்பே, ஊசியே! எல்லாருக்கும் மேலே இருந்து, எந்த ஆட்டத்தையும் டிக்கெட் இல்லாமல் பார்த்துக்கொண்டிருக்கும் ஆண்டவனே! அனைவருக்கும் அன்பு கனிந்த வணக்கம்.

சிரிக்கிறீர்கள். ஆண்டவனை ஏன் இந்தப் பட்டியலில் சேர்த்தேன் என்று கேட்கிறீர்கள். அவரிடம் நான் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது. அதைத் தனியாகக் கேட்டாயிற்று. சபையறியக் கேட்கத்தான் இந்த மேடை ஏறினேன்.

நான் படித்தவள் இல்லை. ஆறாம் வகுப்போடு நின்றவள். குக்கர் விசிலுக்கும் நடுவர் விசிலுக்கும் நடுவே வானொலியைக் கேட்டுக் கேட்டு ஆஃப்சைடு என்றால் என்னவென்று கற்றவள். என் கணவர் டிக்கெட் கவுண்டரில் உட்காருகிறவர் என்பதால் மைதானமே என்னை அண்ணி என்கிறது. அந்த ஒரு பட்டம் போதும் எனக்கு.

அன்பர்களே! நம் முன்னே நிற்கும் கேள்வி என்ன? நால்வர் கால்களுக்கு இடையே நூல் கோப்பதுபோல் பந்தைக் கோத்து அனுப்புகிறானே ஊசி, அந்தப் பந்தைப் பெற்ற மாத்திரத்தில் வலையைக் கிழிக்கிறானே அம்பு, அந்த இருவரையும் கேட்டுப் பெரிய சங்கம் ஒன்று கதவைத் தட்டுகிறது. விற்பதா? வைத்துக்கொள்வதா? நம் சங்கம் ஒரு முதலாளியின் சங்கம் அல்ல. உறுப்பினர் கை தூக்கினால்தான் ஓர் ஆட்டக்காரர் வெளியே போக முடியும். ஆக, முடிவு நம் கையில். நம் எல்லாருடைய கையில்!

மூன்று மாதமாக இதைத் தவிர வேறு பேச்சு உண்டா? சலூனில் ஒரு பக்கம் மட்டும் சவரம் முடிந்த முகத்தோடு இருவர் சண்டை போட்டு வெளியேறினார்கள். மறுபக்கத்துக்காக மறுநாள் திரும்பி வந்தார்கள். என் வீட்டிலேயே இரண்டு கட்சி. என் கணவர், "வித்துட்டா கேலரிக்குக் கூரை போட்டுரலாம். எத்தனை வருஷம்தான் மழையில நனையறது?" என்றார். என் மாமியார் சும்மா இருப்பாரா? "கூரைக்கு அடியில உக்காந்து எதடா பாக்கப் போற? புல்லு வளர்றதையா?" என்று ஒரே போடாகப் போட்டார்.

இரு பக்கமும் நியாயம் இருந்தது. ஆனால் இரு பக்கமும் சேர்ந்து ஓர் அநியாயம் செய்தோம். அதைச் சொல்லாமல் இந்தக் கூட்டம் கை தூக்கக் கூடாது.

போன மாதம், இரண்டாம் ஞாயிறு. பெரிய சங்கத்திலிருந்து இரண்டு பேர் நம் ஆட்டத்தைப் பார்க்க வரப்போகிறார்கள் என்ற செய்தி கவுண்டர் வழியாகக் கசிந்தது. கசிய விட்டவர் என் கணவர்தான். மறைக்கவில்லை. அன்று மாலையே சலூன்காரர் தம்பி கத்தரிக்கோலை உயர்த்திக்கொண்டு ஒரு யோசனை சொன்னார்.

"நாம குடியிருக்குற வீட்ட ஓனர் விக்கப் போறாருன்னா என்ன பண்ணுவோம்? பாக்க வர்றவங்ககிட்ட ஒழுகுற குழாயக் காட்டுவோம்ல? விரிசல் விட்ட சுவத்தக் காட்டுவோம்ல? அதே மாதிரிதான். வர்றவங்க முன்னாடி நம்ம பசங்களுக்கு ஒருத்தரும் கை தட்டக் கூடாது. பந்து கால்ல பட்டா, ஊ...ன்னு கத்தணும். 'இவங்க ஊர்லயே இவனுக்கு மதிப்பு இல்லையே'ன்னு அவங்க திரும்பிப் போயிருவாங்க!"

ஆகா என்றோம்! அறிவு என்றோம்! அன்பின் பெயரால் ஓர் அவமானத்தை அரங்கேற்ற ஆயிரம் பேரும் ஒப்புக்கொண்டோம். கூரை கேட்டவர்களும் பிள்ளைகளைப் பிரிய மனமில்லாமல் கூடச் சேர்ந்துகொண்டார்கள். தம்பி, நாற்காலிக்குள் ஒளியாதீர்கள், உங்களை மட்டும் சொல்லவில்லை. நீங்கள் சொன்னீர்கள், நாங்கள் செய்தோம்.

அடுத்த ஞாயிறு வந்தார்கள் இருவர். மூன்றாம் வரிசையில் அமர்ந்தார்கள். குறிப்பேட்டைத் திறந்தார்கள். முரசு ஒலிக்கவில்லை. கொடி அசையவில்லை. அம்பு பந்தைத் தொட்டான், ஊ என்றோம். ஊசி பந்தைக் கடத்தினான், உச்சுக் கொட்டினோம். நான் எண்ணினேன் ஐயா! எண்ணுவது என் பிறவிக் குணம், அரிசியில் கல் பொறுக்கினாலும் எத்தனை கல் என்று சொல்லிவிடுவேன். முதல் பாதியில் மட்டும் முப்பத்தொரு முறை அந்தப் பிள்ளைகளைக் கேலி செய்தோம். அதற்குமேல் எண்ணுவதற்கு எனக்கே மனம் வரவில்லை.

எழுபத்தெட்டாம் நிமிடத்தில் நமக்கு ஒரு பெனால்டி. பந்தை வைத்துவிட்டு அம்பு நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தான். அந்த நொடியில் நான் என்ன செய்தேன் தெரியுமா? நாள் தவறாமல் விடியலில் கண்மூடி, உலகத்துப் பிள்ளைகளெல்லாம் நன்றாக இருக்கட்டும் என்று வேண்டுகிற நான், அன்று கண்ணை இறுக மூடிக்கொண்டு, 'ஆண்டவனே, இவன் கால் இடறட்டும்' என்று வேண்டினேன்.

கேட்டுவிட்டாரே! எத்தனையோ நாள் எதையெதையோ கேட்டிருக்கிறேன், காது கொடுக்காதவர் அன்று மட்டும் கொடுத்துவிட்டார். பந்து கம்பத்துக்கு மேலே பறந்து, சுவர் தாண்டி, யார் வீட்டு மாடியிலோ விழுந்தது. நாம் என்ன செய்தோம்? எழுந்து நின்று கை தட்டினோம்! தன் அணி பெனால்டியைக் கோட்டைவிட்டதற்குக் கைதட்டிய கூட்டம் இந்த உலகத்தில் வேறு எங்காவது உண்டா? உண்டா, பெரியோர்களே?

இல்லை என்று கிழக்குப் பக்கத்திலிருந்து குரல் வருகிறது. உண்மையைச் சொன்ன வாய் வாழ்க.

நம் சங்கத்தில் ஒரு முறை உண்டு. ஒவ்வோர் ஆட்டக்காரரின் ஜெர்சியும் ஓர் உறுப்பினர் வீட்டில் துவைக்கப்படும். ஒன்பதாம் எண், அம்புவின் ஜெர்சி, மூன்று பருவமாக என் வீட்டில். ஆட்டம் முடிந்ததும் சேறு சொட்டச் சொட்டக் கொண்டுவந்து, "அண்ணி, இந்த வாரம் உங்களுக்கும் மெஷினுக்கும் சண்டைதான்!" என்று வாசலிலிருந்தே வீசுவான். அன்று வீசவில்லை. மடித்துக் கொண்டுவந்தான். விரித்துப் பார்த்தேன். முழங்கையில் பட்ட சேறு எப்போதோ காய்ந்திருந்தது, முதுகில் வியர்வை உலர்ந்திருந்தது. இரண்டாம் பாதி முழுக்க அந்தப் பிள்ளை ஓடவே இல்லை.

"அண்ணி, அடுத்த வாரத்துலேந்து இத வேற யாருக்காவது துவைச்சுக் குடுங்க. நான் வரல."

"ஏம்ப்பா? கால்ல அடியா?"

"கால்ல இல்ல." ஒன்பதாம் எண்ணின் தையலைத் தடவினான். பிறகு சொன்னான்: "நாலாவது வரிசையில எங்கப்பா கொட்டாவி விட்டாரு அண்ணி. நான் பந்தோட ஓடும்போது, எல்லாருக்கும் தெரியற மாதிரி, வாயப் பொத்தாம விட்டாரு."

அவன் அப்பா யார்? நம் பதினொரு பேருக்கும் முதுகில் எண் தைக்கிற தையல்காரர் அண்ணன். இதோ, அதே நான்காம் வரிசையில், கையைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருக்கிறார். அண்ணே, உங்களை நான் குற்றம் சொல்லவில்லை. ஒரே மகனைத் தூரத்துக்கு அனுப்ப எந்த அப்பனுக்கு மனம் வரும்? நீங்கள் கொட்டாவி விட்டீர்கள், நான் பிரார்த்தனை செய்தேன். இரண்டும் ஒரே பாவம்தான். என்னுடையது கொஞ்சம் அதிகம்.

அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குழாய் யோசனையைச் சொன்னேன். என் வேண்டுதலையும் சொன்னேன். திட்டுவான் என்று நினைத்தேன். அவன் கேட்டது ஒரே கேள்வி.

"அப்ப நான் மோசமா ஆடலையா அண்ணி?"

இதைவிடப் பெரிய அடி யாரும் என்னை அடித்ததில்லை. விற்கக் கூடாது, விற்கக் கூடாது என்று கூவிக் கூவி, அவனை அவனிடமிருந்தே பறித்துவிட்டோமே! பெரிய சங்கம் அவன் காலைத்தானே கேட்டது? நாம் அவன் நெஞ்சையல்லவா உடைத்தோம்!

"சரிப்பா, உனக்குப் போகணுமா, வேண்டாமா?" என்றேன்.

சிரித்துவிட்டான். "மூணு மாசமா ஊரே பேசுது. என்கிட்ட கேக்குற மொத ஆளு நீங்கதான்."

"சரி, இப்ப சொல்லு."

"போகணும் அண்ணி. என்னால எவ்வளவு முடியும்னு பாக்கணும். ஆனா விரட்டி விட்ட மாதிரி போக மாட்டேன். அனுப்பி வெச்ச மாதிரி போகணும்."

அன்றே ஊசியின் வீட்டுக்கும் போனேன். அவன் பேக்கரியில் மாவு பிசைந்துவிட்டு வந்து, முழங்கைவரை வெள்ளையாக நின்றான். "எனக்கு வேணாம் அண்ணி. பெரிய மைதானத்துல ஆட ஆசை இல்லாம இல்ல. ஆனா இங்க எந்த இடத்துல பந்து துள்ளும், எந்த இடத்துல படுக்கும்னு எனக்குத் தெரியும். இந்த அணிய மேல் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போகணும். அதுதான் என் ஆசை" என்றான்.

இருவரையும் விற்போம் என்றது ஒரு கட்சி. ஒருவரையும் விற்கோம் என்றது ஒரு கட்சி. ஆளுக்கொரு ஆசை இருக்கும் என்று யோசித்த கட்சி எது? எதுவுமில்லை! கடைக்குப் போய்க் கத்தரிக்காய் வாங்கினால்கூட நல்லதா என்று கேட்டு வாங்குகிறோம், இந்தப் பிள்ளைகளை ஒரு வார்த்தை கேட்டோமா?

நேராகத் தலைவர் கடைக்குப் போனேன். ஆணிப் பெட்டிகளுக்கு நடுவே அமர்ந்திருந்தார். "பெரிய சங்கத்துக்குப் போன் போடுங்க. அன்னைக்கு நடந்தது ஆட்டம் இல்ல, எங்க நடிப்புன்னு சொல்லுங்க. இன்னொரு தடவை வரச் சொல்லுங்க" என்றேன்.

"அண்ணி, மானம் போயிருமே" என்றார்.

"அது அன்னைக்கே போயிடுச்சு தலைவரே. திரும்ப வாங்கத்தான் போன் போடச் சொல்றேன்."

அலைபேசியைத் துடைத்தார், துடைத்தார், கண்ணாடி தேயும்வரை துடைத்தார். பிறகு பேசினார். பேசினாரே, அதுதான் தலைமை! அவருக்கு ஒரு கைதட்டல் கொடுங்கள்.

அதன் பிறகு நடந்ததை நான் சொல்ல வேண்டுமா? நேற்று நடந்தது அல்லவா? உங்கள் தொண்டை இன்னும் கட்டியிருக்கிறதே! அதே இருவர், அதே மூன்றாம் வரிசை. ஆனால் அதே கூட்டமா? இல்லை! முரசு முழங்கியது. கொடி கிளர்ந்தது. ஊசி கோத்தான், அம்பு பாய்ந்தான். ஒன்று! ஊசி கோத்தான், அம்பு பாய்ந்தான். இரண்டு! வந்தவர்கள் குறிப்பேட்டை மூடிவிட்டு வேடிக்கை பார்க்கத் தொடங்கினார்கள். மூன்று! நான்காவதை அம்பு கடத்த, ஊசியே அடித்தான். நான்கு!

நான் நேற்று என்ன வேண்டினேன் என்று ஒரு தங்கை கேட்கிறாள். எதையும் வேண்டவில்லை அம்மா. 'ஆண்டவனே, இன்று நீ தலையிடாதே, இவனே பார்த்துக்கொள்வான்' என்றேன்.

தோழர்களே, ஒன்றை நினைத்துப் பாருங்கள். நேற்று நாம் தட்டிய ஒவ்வொரு கைதட்டலும் அம்புவை நம்மிடமிருந்து ஓரடி தள்ளிக்கொண்டு போனது. தெரியாமலா தட்டினோம்? தெரிந்தே தட்டினோம்! அவன் நன்றாக ஆட ஆட, நம் மைதானம் அவனுக்குச் சிறியதாகிக்கொண்டே வந்தது. தெரிந்தே கத்தினோம்! இழப்போம் என்று தெரிந்தும் வாழ்த்துகிறவன் யார்? அவனல்லவா ரசிகன்! வென்றால் கூடி, தோற்றால் கலைகிறவன் பார்வையாளன். போகிறவனையும் பெருமையாகப் போக வைக்கிறவன் ரசிகன். நேற்று, நாலுக்குப் பூஜ்யம் என்று வென்றது நம் அணி மட்டுமா? நாமும் அல்லவா வென்றோம்! நம் பயத்தை வென்றோம், நம் பேராசையை வென்றோம், நம் சின்னத்தனத்தை வென்றோம்!

இன்று காலை பெரிய சங்கத்தின் கடிதம் வந்துவிட்டது. ஒருவர் வந்தாலும் சரி, இருவர் வந்தாலும் சரி என்கிறார்கள். தலைவர் அவர்களே, 'இருவரையும் விற்கலாமா' என்று எழுதியிருக்கும் தீர்மானத்தை அடித்துவிடுங்கள். 'அவரவர் விருப்பப்படி அம்பு செல்லட்டும், ஊசி இருக்கட்டும்' என்று எழுதுங்கள். கூரையா? ஒருவனுக்கு வரும் தொகையில் பாதிக் கூரை வரும். மீதிப் பாதிக்கு மழை வந்தால் நெருக்கி உட்காருவோம். என் கணவர் தலையாட்டுகிறார், என் மாமியார் முறைக்கிறார். வீட்டில் பேசிக்கொள்கிறேன்.

"ஊசி இல்லாம அம்பு அங்க என்ன பண்ணுவான்?" என்று சலூன்காரர் தம்பி கேட்கிறார். நல்ல கேள்வி. அதைத் தெரிந்துகொள்ளத்தான் தம்பி அவன் போகிறான்!

இதோ, தலைவர் எழுதிவிட்டார். வாசித்துவிட்டார். ஆதரிப்போர் கை தூக்கலாம் என்கிறார்.

ஆகா! கிழக்குப் பக்கம் முழுவதும் உயர்ந்துவிட்டது. தாய்மார்கள் பக்கம் குழந்தையின் கையையும் சேர்த்துத் தூக்குகிறார்கள், குழந்தைக்கு வாக்கில்லை அம்மா! சலூன்காரர் தம்பி தூக்கிவிட்டார். என் மாமியார் தூக்கிவிட்டார்!

நான்காம் வரிசையை நான் பார்க்கவில்லை. தையல்காரர் அண்ணே, உங்களை நான் வற்புறுத்த மாட்டேன். பெற்றவர் மனசுக்குத் தீர்மானம் போட எந்தச் சங்கத்துக்கும் உரிமை இல்லை. நீங்கள் கை கட்டியே இருந்தாலும் எங்களுக்கு...

ஏன் எல்லாரும் எழுந்து நிற்கிறீர்கள்? ஏன் முரசு ஒலிக்கிறது?

அண்ணன் எழுந்துவிட்டார். இரண்டு கைகளையும் தூக்கியிருக்கிறார்! தலைவரே, விதிப்படி ஒருவருக்கு ஒரு கைதான், எனக்கும் தெரியும். ஒன்றை வாக்கு என்று எழுதிக்கொள்ளுங்கள். இன்னொன்றை அவர் மகன் பார்த்துவிட்டான், அது எழுத வேண்டியதில்லை.

போய் வா, அம்பு! உன்னை நாங்கள் அனுப்பி வைக்கிறோம்.

பொறுமையாகக் கேட்ட பெரியோர்க்கும், பொறுக்காமல் குறுக்கே பேசி என்னைச் சரிசெய்த தம்பிமார்க்கும், மன்னித்துவிட்ட இரு பிள்ளைகளுக்கும், மன்னிப்பார் என்று நான் நம்பும் மேலே இருப்பவருக்கும் நன்றி. எல்லாரும் நல்லா இருங்க. வணக்கம்!